கைக்குள் ஒரு நட்டு

தையல் ஷெட்டில் அவளை எல்லோரும் ‘டபுள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. லாரியில் சரக்கு கட்டுகிற நாடாப் பட்டைகளைத் தைக்கும் ஷெட் அது. ஒரு வரிசைத் தையல் போதும் என்று மேலாளர் சொன்ன இடத்திலும் அவள் இரண்டு வரிசை ஓட்டுவாள். ஏன் என்று கேட்டால், "பட்டை அறுந்தா கீழ நிக்கிறவன் தலையில விழும். மேனேஜர் தலையிலயா விழப்போகுது?" என்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருஷம் அந்த ஷெட்டில் போனது. கடைசி ஒன்பது வருஷமாக நாற்பது பெண்களுக்கு மேற்பார்வை. நூல் தீர்ந்தால் அவள், ஊசி ஒடிந்தால் அவள், யாருக்காவது மயக்கம் வந்தால் அவள். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அவள்தான். மாமனார் மாடி அறையில் ஆறு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைத் திருப்பிப் போட்டதும் துடைத்துவிட்டதும் மருந்து ஊற்றியதும் அவள். பெற்ற மகள் கீழ்வீட்டில் குடியிருந்தாள், வாசலில் நின்று, "அப்பாவுக்கு இன்னிக்குப் பரவாயில்லையா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

மாமனார் போய் ஒரு வருஷம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டே அவள் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு மணி நேரம் யாராவது என் கையைக் கட்டிப் போடணும் போல இருக்கு. நான் எதையும் பாக்கக் கூடாது, எதையும் முடிவு பண்ணக் கூடாது. யாராவதுன்னா, நீங்கதான். மாடி ரூமை அதுக்கு எடுத்துக்கலாம்னு பாக்குறேன். இப்படி ஆசைப்படுறவங்க ஊர்ல நிறைய பேர் இருக்காங்களாம். போன்ல படிச்சேன். பாதி அசிங்கம், பாதி கிறுக்குத்தனம். நடுவுல நாலு வரி உருப்படியா இருந்துச்சு."

அவர் கொதிகலன் பட்டறையில் வெல்டர். அங்கேயே இடது காதைத் தொலைத்தவர். அதனால் வலது காதைத் திருப்பி, சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "எவ்வளவு எடை தாங்கணும்?"

"முப்பது வருஷமா பக்கத்துல படுத்திருக்கீங்க. என் எடை தெரியாதா?"

"தெரியும். சொன்னா திட்டுவ."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. கையெழுத்து எதுவும் கிடையாது. ஷெட்டில் நிர்வாகத்தோடு நடந்த எத்தனையோ கூட்டங்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு மூன்று நாள் இழுத்தடித்திருக்கிறார்கள்.

வேலை இரண்டு மாதம் நடந்தது. அவர் இரும்புக் குழாயில் ஆள் உயரச் சட்டம் ஒன்று அடித்தார். நான்கு மூலையிலும் வளையம். ஒவ்வொரு பற்றவைப்பையும் அரத்தால் ராவி, பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தார். நூல் எங்கே சிக்கினதோ அங்கே மறுபடி ராவினார். சட்டத்தைச் சுவரில் முடுக்கி, மேல் வளையத்தில் அவள் எடையைப்போல் இரண்டு மடங்கு மணல் மூட்டை கட்டி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டார். ஒரு அணுகூட அசையவில்லை.

அவள் கைப்பட்டைகள் தைத்தாள். ஷெட்டில் ஓரம் வெட்டிப் போட்ட நாடாத் துண்டுகள், உள்பக்கம் கம்பளித் துணி, கட்டம் போட்டு நடுவில் குறுக்குத் தையல், அதன்மேல் இரண்டாவது வரிசை. மாட்டிய பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது கணக்கு. ஒரே இழுப்பில் கழலுகிற கொக்கிகள். அவசரத்துக்கு வெட்ட, முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று ஆணியில் தொங்கியது.

சட்டத்தை மாடிக்கு ஏற்றும்போது நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, மேல ஜெயில் கட்டுறீங்களா?"

"உங்க அண்ணனுக்கு முதுகு வலி. தொங்கி உடற்பயிற்சி பண்ணணுமாம்."

"அண்ணனா? அவரு குனிஞ்சு செருப்பு மாட்டவே ஆள் தேடுவாரு. தொங்கப் போறாராம்!" சிரித்துவிட்டு, சட்டென்று குரலை இறக்கினாள். "அப்பா ரூமாச்சே அண்ணி."

"ஆறு வருஷம் அந்த ரூம்ல இருந்தது அப்பாவும் நானும்" என்றாள் டபுள். நாத்தனார் சட்டம் ஏற வழிவிட்டாள்.

மாடியில் மரப்பலகைத் தரை. மேலே பாத்திரம் விழுந்தால் கீழே கேட்கும். எனவே தரை முழுக்கத் தடித்த ரப்பர் பாய் விரித்தார்கள். கதவு இடுக்கில் கம்பளி திணித்தார்கள். பேச்சு வெளியே போகாதிருக்க ஒரு ரேடியோ வைத்தார்கள். நிறுத்த வேண்டுமென்றால் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும் என்று படித்திருந்தாள். ‘பாபின்’ என்று வைத்துக்கொண்டார்கள். மெஷினில் அடிநூல் சுற்றியிருக்கும் சின்ன உருளை அது; நூல் தீர்ந்தால் மெஷின் நிற்க வேண்டும், அதனால்.

"ரேடியோ சத்தத்துல என் காதுக்கு விழலைன்னா?" என்று அவர் கேட்டார்.

"கையால காட்டுறேன்."

"சரி, காட்டு."

என்ன காட்டுவது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஆயுள் முழுக்க இரைச்சலில் வேலை செய்தவர்கள். வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம். கைச்சாடையில் விளக்கம் கேட்பது அவர்களுக்கு மூச்சு விடுவதற்கு விளக்கம் கேட்பது மாதிரி.

முதல் ஞாயிறு மதியம் அவள் சுவரைப் பார்த்து நின்றாள். கைகள் மேலே, பட்டைக்குள். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. தோளிலிருந்து நாற்பது பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனது போல இருந்தது என்று பின்னால் சொன்னாள். பிறகு வலது பட்டை மணிக்கட்டிலிருந்து மேலேறி உள்ளங்கையின் அடியில் இறுகியது. விரல்கள் மரத்துப் போயின. ‘பாபின்’ என்றாள். ரேடியோவில் பாட்டு உச்சத்தில் இருந்தது. அவர் நின்றது அவளுக்கு வலப்பக்கம், அவருடைய கேளாத காது அவள் பக்கம். அவள் வலது கையை இறுக்க மூடிக் காட்டினாள்.

தையல் ஷெட்டில் மூடிய கை என்றால் மெஷினை நிறுத்து. கொதிகலன் பட்டறையில் மூடிய கை என்றால் பிடி, விடாதே, இன்னும் இறுக்கு.

அவர் தலையாட்டினார். முன்னால் வந்து பட்டையை ஒரு கண்ணி இறுக்கினார்.

ஒரு பாட்டு முடிகிற நேரம். அடுத்த பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் அமைதி வருமே, அதில்தான் அவள் கத்தியது அவர் காதில் விழுந்தது. கொக்கியைத் தேடிப் பிடித்து இழுத்தார். கழற்றும்போது அவள் உள்ளங்கை வெள்ளைத் தாள் போல இருந்தது.

டாக்டர் ஊசி முனையால் குத்திப் பார்த்து, நரம்பு நசுங்கியிருக்கிறது, தானாகத் திரும்பும் என்றார். எப்படி ஆனது என்று கேட்டார். பட்டையில் மாட்டிக்கொண்டது என்றாள் அவள். பொய் இல்லை. ஒன்பது நாள் வலது கையின் இரண்டு விரலுக்கு நூல் தெரியவில்லை. ஊசி கோக்க அடுத்த மெஷின் பெண்ணைக் கூப்பிட்டாள். "டபுள் அக்காவுக்கே ஊசி கோத்துக் குடுக்கணுமா? மழை வரப்போகுது!" என்று அவர்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மாடி அறையைப் பூட்டிச் சாவியைத் தன் மெஷின் டிராயரில் போட்டுவிட்டாள். வீட்டில் அவர் தொட்டுப் பேசவே பயந்தார். தட்டை வைக்கும்போதுகூட அவள் கைமேல் கை படாமல் வைத்தார். முப்பது வருஷம் சேர்ந்து இருந்த மனிதன் தன்னைக் கண்ணாடிச் சாமானைப் போல நடத்துவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அறை போனால் போகட்டும். இந்த மனிதன் இப்படியே ஆகிவிட்டால்? அந்தப் பயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

பத்தாம் நாள் விரலில் நூல் தெரிந்தது. பாபினை மாற்றக் கை நீட்டினாள். மெஷினின் வலது ஓரத்தில் இருந்த சிவப்புப் பொத்தானில் பார்வை போய் நின்றது.

அந்தப் பொத்தானுக்கு ஒரு கதை உண்டு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஷெட்டில் மெஷினை நிறுத்தும் சுவிட்சு எல்லாம் சூப்பர்வைசர் அறையில் இருந்தது. பட்டை வெட்டும் கத்திக்குக் கீழே ஒரு பெண்ணின் கை போனது. அவள் அலறினாள். சுவிட்சுக்காரர் வெற்றிலை போடப் போயிருந்தார். மறுநாள் காலை டபுள்தான் முதலில் மெஷினை விட்டு எழுந்து தரையில் உட்கார்ந்தாள். பதினோரு நாள் உட்கார்ந்தார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: யார் கை கத்திக்குக் கீழே இருக்கிறதோ, அவர் கையில்தான் நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். ஜெயித்தார்கள். மெஷினுக்கு ஒரு பொத்தான் வந்தது.

ஊருக்கெல்லாம் பொத்தான் வாங்கிக் கொடுத்தவள், தன் அறையில் பொத்தானே வைக்கவில்லை. நிறுத்துவதை அவர் காதிடமும் கண்ணிடமும் ஒப்படைத்துவிட்டு நின்றிருக்கிறாள். ஷெட்டின் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டே சொன்னாள்: "அட மடச்சி."

டிராயரிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அவர் வாசலில் இரும்பு வெட்டுகிற கேஸ் சிலிண்டரோடு நின்றார். சட்டத்தைத் துண்டு போடத் தயாராக.

"சாவி குடு. வெட்டித் தூக்கிப் போட்டுடுறேன்."

"யாரு வெட்டச் சொன்னா?"

"உன் கையைக் கெடுத்துட்டேன். இதுக்கு மேல என்ன இருக்கு?"

"ஏங்க, நிறுத்துன்னு சொல்ல வேண்டியவ நான். நான் சொல்லாம நீங்களே நிறுத்தினா, அன்னிக்கு நான் சொல்லியும் நிறுத்தாம விட்டீங்களே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் என் பேச்சு எடுபடல."

அவர் சிலிண்டரைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தெரியாமல், "முஷ்டி காட்டினா இறுக்குன்னுதான்டி எங்க பட்டறையில..." என்று ஆரம்பித்தார்.

"எங்க ஷெட்டுல நிறுத்துன்னு. தெரியும். இனிமே உங்க பட்டறையும் வேணாம், எங்க ஷெட்டும் வேணாம். கை மரத்துப் போனாலும் நான் மயங்கியே போனாலும் தானா நிக்கணும். அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். உள்ளே போய்க் கருவிப்பெட்டியைக் குடைந்து, கொதிகலன் மூடிக்குப் போடுகிற பெரிய இரும்பு நட்டு ஒன்றை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கனத்தது.

"பிடிச்சிருக்கிற வரைக்கும் சரி. கை திறந்துச்சுன்னா கீழ விழும். காது கேக்கலைன்னாலும் பலகை அதிர்றது என் காலுக்குத் தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ரப்பர் பாய் இருந்தா அதிராது. எடுத்துட்டா கீழ தங்கச்சிக்குக் கேக்கும்."

அவளும் அதைத்தான் நினைத்தாள். சத்தம் வெளியே போகக் கூடாது என்று திணித்ததெல்லாம் அவள் குரலையும் சேர்த்து மூடியிருக்கிறது. நாத்தனாரின் வாயும் அக்கம்பக்கத்தின் காதும் அவளுக்குத் தெரியாததா? சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கேக்கட்டும். பாயைச் சுருட்டுங்க. ரேடியோவையும் கீழ கொண்டு போங்க."

அடுத்த ஞாயிறு மதியம். வெறும் பலகை. பட்டைகளை மணிக்கட்டில் நழுவாதபடி மாற்றித் தைத்திருந்தாள். அவர் வெறுங்காலோடு நின்றார். இரண்டு விரல் விட்டுப் பார்த்தார், மறுபடி பார்த்தார். மூன்றாம் முறை பார்க்கப் போனபோது அவள், "போதும், எனக்கு வயசாகுது" என்றாள். அவர் நட்டை அவள் வலது கையில் வைத்து, இரண்டு அடி பின்னால் போனார்.

அறை அமைதியாக இருந்தது. வலி இல்லை, மரப்பு இல்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. அவள் ஆழ்ந்து மூச்சை இழுத்து, விரல்களை விரித்தாள்.

பலகை ‘டங்’ என்று அதிர்ந்தது. அவள் மூச்சை வெளியே விடுவதற்குள் இரண்டு கொக்கியும் கழன்றிருந்தன. அவர் முகம் வெளுத்து, அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக அவள் காத்திருந்த கை அது.

கீழிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அண்ணி! என்ன விழுந்துச்சு?"

டபுள் ஜன்னலுக்குப் போனாள். தலையை வெளியே நீட்டினாள்.

"விழலம்மா. நான்தான் போட்டேன்."

திரும்பி வந்து சட்டத்துக்கு முன்னால் நின்று கைகளை உயர்த்தினாள். அவர் குனிந்து நட்டைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, மறுபடி அவள் கையில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.