இறக்கையில் பிடித்த பனி

என் தங்கை பெங்களூரில், விமானத்துக்குப் பனி பிடிக்கும் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுபதுகளில் மலையாளத்து எல்லையோரம் எங்கள் எலப்புள்ளிப் பக்கம் இதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? எனக்குப் புரிந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அம்மா போனதும் அவளைப் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அவள் காலேஜ் வரை போனாள். எனக்கு உள்ளூரிலேயே கல்யாணம். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் கடிதம் வந்தால் படித்துக்காட்ட நான்தான் போகவேண்டும். அவள் பெருமையை என் வாயாலேயே சொல்லவேண்டும்.

நன்றாகத்தான் எழுதுவாள். மேகத்துக்குள் சில தண்ணீர்த் துளிகள் கடுங்குளிரிலும் உறையாமல் மிதக்குமாம். விமானம் வந்து மோதியதும் இறக்கை விளிம்பில் அப்படியே பனியாக உறைந்து கட்டிக்கொள்ளுமாம். கட்டி தடித்தால் இறக்கையின் உருவமே மாறி, விமானம் மேலே நிற்கமுடியாமல் போய்விடும். எந்தத் துளி எங்கே மோதும், எவ்வளவு தடிக்கும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் படிப்பதற்காக அந்தக் கணக்கை அட்டை அட்டையாக ஓட்டை போட்டுக் கொடுப்பது அவள்.

அந்த வரிகளை நான் அப்பாவுக்குப் படிக்கமாட்டேன். "வேல நல்லாப் போவுதாமுங்கப்பா" என்று தாண்டிவிடுவேன். பிறகு மாட்டுக்குத் தீவனம் வைக்கிற சாக்கில் கட்டுத்தறியில் நின்று எனக்காக இரண்டு தடவை படிப்பேன்.

ஒரு மார்கழியில் கடிதம் வந்தபோது பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சியும் இருந்தார். வேற்றாள் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. தாண்டித் தாண்டிப் படித்தேன்: "பனி... இன்னும் முடியவில்லை... பொங்கலுக்கு வரமுடியாது."

"ஐயோ, குட்டிக்குப் பனியோ?" என்றார் சேச்சி.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிப் பேச்செல்லாம் மலையாளம்தான். அப்பாவும் காய்ச்சலைப் பனி என்றே சொல்வார்.

"பனியோட அங்க தனியாக் கெடக்கோணுமா? வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இன்னைக்கே போயிக் கூட்டியாந்தர்றேன்" என்று அப்பா எழுந்துவிட்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. வரட்டும், அவளும் என்னைப்போல் அடுப்பூதட்டும் என்று கடிதத்தை மடித்தேன். சுக்கும் மிளகும் பொட்டலம் கட்டி அப்பா பையில் வைத்ததும் நான்தான்.

நாலாம் நாள் அப்பா தனியாக வந்தார். வாசலிலேயே சிரிப்பு.

"ஏம்மிணி, பனி புள்ளைக்கில்லையாமா, ஏரோப்ளேனுக்காமா! மிசினெல்லாங் காட்டுனா. பீரோவாட்டம் வரிசையா நிக்குது. கூட்டியார மனசு வல்லே, இருக்கட்டும்னு உட்டுட்டு வந்துட்டேன்."

"அப்போ கஷாயம் ப்ளேனுக்குக் கொடுத்தோ?" என்று சேச்சி வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்.

சித்திரையில் தங்கை வந்தாள்.

"ஏக்கா, லெட்டரப் படிக்கறப்பவே உனக்குத் தெரியலையா?"

"நான் அஞ்சாங்கிளாசுதான புள்ள? நீ எழுதறது எனக்கெங்க வெளங்குது?"

அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தப்புதாங்க்கா. யோசிக்காம எழுதிப்போட்டேன்." கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் எழுத்து குண்டு குண்டாக, பிரித்துப் பிரித்து இருந்தது. நலம். சாப்பிட்டேன். இங்கே மழை. மேகமும் இல்லை, துளியும் இல்லை. அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதப் பலமுறை கார்டை எடுத்திருக்கிறேன். கேட்டால், எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.