நீலப் படைக்கு வந்த தங்கம்

மன்னார்புரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில் இருப்பவள் கலைமதி. திருத்திய தேதி, பொய்க் கையெழுத்து எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீடு ஸ்ரீரங்கத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளும் கணவர் ஜெயக்குமாரும் ஆளுக்கொரு லேப்டாப்போடு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தனித்தனி அறையில் உட்கார்ந்துவிடுவார்கள். கோட்டை கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் கேம். அவர் சிவப்பு, அவள் நீலம். எப்போதும் தோற்பது நீலம்தான். "எனக்கு இது சரிப்படாதுங்க" என்று ஒருநாள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

மறுவாரம் ஜெயக்குமார் கேமுக்குப் புதிதாக ஒரு மேப்பை, அதாவது சண்டை போடும் களத்தை, இறக்கி வைத்தார். கேம் பிரியர் யாரோ உருவாக்கி இணையத்தில் சும்மா போட்டிருந்தது. நடுவில் ஆறு, இரு கரையிலும் காடு. அதில் கலைமதி ஜெயித்தாள். அடுத்த வாரமும் ஜெயித்தாள். அதற்கடுத்த வாரமும் ஜெயித்தபோது சந்தோஷம் போய்ச் சந்தேகம் வந்தது. எவ்வளவு படை திரட்டினாலும் அவள் கஜானாவில் தங்கம் குறையவே இல்லை.

அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மேப்பைத் திருத்தும் பகுதியில் அதைத் திறந்தாள். நீலத்துக்கு மட்டும் அவ்வப்போது தங்கம் போய்ச் சேரும்படி ஒரு கட்டளை இருந்தது. அவர் திரும்பி வந்ததும் அதைக் காட்டிக் கேட்டாள்.

"செஞ்சவன் அப்படி வச்சிருப்பான்" என்றார் ஜெயக்குமார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதே தளத்திலிருந்து அதே மேப்பைத் தானே மறுபடி இறக்கினாள். அதில் அந்தக் கட்டளை இல்லை.

"நீ ஆடுறதையே விட்டுடுவியோன்னுதான்..." என்று இழுத்தார்.

"அப்ப நான் ஜெயிச்சது எதுவுமே ஜெயிச்சது இல்லையா?"

கொஞ்ச நாள் வீட்டில் கேம் பேச்சே இல்லை. பிறகு மேப் இறக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் திறந்து, துருவிப் பார்த்த பிறகுதான் ஆட்டம். தோற்றாள். தோற்றதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, மயிரிழையில் ஜெயித்தாள்.

"விட்டுக் குடுத்தீங்களா?"

"ரங்கநாதர் சத்தியமா இல்ல."

சத்தியத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. ஆட்டத்தின் பதிவைச் சிவப்புப் படையின் கோணத்தில் ஓட்டிப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தில் சிவப்புக் குதிரைப்படை ஆற்றோரம் சும்மா நின்றது.

"இங்க ஏன் நிக்குது?"

"இஸ்திரித் துணி வந்துச்சு. கதவைத் திறக்கப் போனேன்."

மறுநாள் பஸ்ஸுக்குப் போகிற வழியில், துணி தேய்க்கும் வண்டியருகே நின்றாள். "வீராயிக்கா, நேத்து எங்க துணியை யார்கிட்ட குடுத்தீங்க?"

"சார்கிட்டதாங்க. வாங்கினவரு வாசல்லயே போட்டுட்டு உள்ள ஓடினாரு. அடுப்புல ஏதோ கருகுதுன்னு நெனச்சேன்."

மன்னார்புரம் போய்ச் சேரும்வரை கலைமதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.