பன்னிரண்டு இருபத்தைந்து விமானம்

1

பாலக்கோட்டுக்கு மேலே தினமும் பதினொரு மணிவாக்கில் ஒரு விமானம் போகும். சத்தம் கீழே வராது. தக்காளித் தோட்டங்களுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு நீண்டு, அகன்று, பஞ்சு மாதிரி கலையும். என் டிக்கெட் புக்கிங் ஆபீஸ் வாசலில் நின்று அதைப் பார்ப்பது வழக்கம். அதில் இருப்பவர்களுக்கு இப்போது மணி என்ன என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பேன்.

முதன்முதலில் நான் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தது கம்பைநல்லூர் வியாபாரி ஒருவருக்கு. புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது பெங்களூர் ஏர்போர்ட்டில் போய் இறங்கினார். "நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டேனுங்களே, அப்புறம் எப்படிங்க உடமாட்டாங்க?" என்று போனில் கத்தினார்.

அன்று முதல் எல்லோருக்கும் நிஜ நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே சொன்னேன். யாரும் விமானத்தைத் தவறவிடவில்லை. சில வருடங்களில் விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனது. "அவரு சொல்ற டைமோட ரெண்டு மணி நேரம் கூட்டிக்க" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. புக்கிங்கில் பயணியின் செல் நம்பர் கேட்கும் இடத்தில் என் நம்பரைப் போடுவேன். கம்பெனி நேரடியாகப் பேச ஆரம்பித்தால் கஸ்டமர் கை நழுவிவிடுவார் என்ற பயம். எனக்குத் தெரிந்த ஏஜென்ட்டுகள் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

2

விமான கம்பெனிகளும் நேரத்தோடு விளையாடும். இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடும் விமானத்துக்கு டிக்கெட்டில் மூன்று மணி நேரம் என்று போடுவார்கள். தாமதமாகக் கிளம்பினாலும் சரியான நேரத்தில் இறங்கிய கணக்கு வரும். வரவேண்டிய விமானம் வேறு ஊரிலிருந்தே கிளம்பியிருக்காது. இங்கே போர்டில் அரை மணி நேரம் தாமதம் என்று இருக்கும். அது முடிந்ததும் இன்னொரு அரை மணி. தெரிந்த நேரத்தைப் பயணியிடம் சொல்ல இவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்று நான் பேசாத நாள் இல்லை.

3

மாதையன் தக்காளி விவசாயி. அவர் மகன் வடக்கே ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்தான். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோர்தான் தோளில் நட்சத்திரம் குத்த வேண்டும். ஒரு தோளுக்கு அப்பா, ஒரு தோளுக்கு அம்மா. அதற்கு முந்தைய நாள் டெல்லி விமானத்தில் இருவருக்கும் டிக்கெட் போட்டேன். நிஜ நேரம் இரண்டு பத்து. வழக்கப்படி பன்னிரண்டு பத்து என்று சொன்னேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு என் செல்லுக்கு மெசேஜ் வந்தது. விமானம் பன்னிரண்டு இருபத்தைந்துக்கே கிளம்பும். நான் சொன்ன பொய் தானாகவே நிஜமாகிவிட்டதே என்று ஆறுதல்தான் வந்தது. உடனே மாதையனைக் கூப்பிட்டேன்.

"டைம் மாத்திட்டாங்க. இப்ப நெஜமாவே பன்னண்டு இருவத்தஞ்சுதாங்க."

"சரிங்க, சரிங்க. உங்க டைம் எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வைத்தேன். அந்தச் சிரிப்போடு இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அவர்கள் கிளம்பும் நாளில் வேறொரு குழுவை ஏற்றிவிட நானும் ஏர்போர்ட்டில் இருந்தேன். பத்தரைக்கு மாதையனுக்குப் போன் போட்டேன்.

"இப்பத்தாங்க ஓசூரைத் தாண்டினோம். டீ குடிச்சிட்டிருக்கோம். ரெண்டு இருவத்தஞ்சுக்குத்தானுங்களே?"

"இல்லீங்க, நெஜமாவே பன்னண்டு இருவத்தஞ்சு! உடனே கிளம்புங்க" என்று கத்தினேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு வந்தார்கள். மாதையன் மனைவி ராஜம்மாள் கையில் வீட்டில் செய்த எள்ளுருண்டை டப்பா. செக்-இன் முடிந்திருந்தது. வெளியே இருந்த டிக்கெட் கவுண்டரில் சண்டை போட்டேன். "நேரத்தை மாத்துனா பயணிக்குச் சொல்ல வேண்டாமா?"

கவுண்டர் பையன் கன்னடம் கலந்த தமிழில் அமைதியாகப் பேசினான். "ஹேளிதீவி சார், சொல்லியாச்சு. ரெண்டு தடவை மெசேஜ் போயிருக்கு." திரையை என் பக்கம் திருப்பினான். அதில் இருந்தது என் நம்பர்.

நான் செல்லில் விமானங்களைக் காட்டும் ஆப்பைத் திறந்தேன். பன்னிரண்டரைக்கு அங்கிருந்த போர்டு, விமானம் புறப்பட்டுவிட்டது என்றது. ஆப்பில் அந்த விமானத்தைக் காட்டும் மஞ்சள் புள்ளி ஓடுபாதைக்கு வெளியே நகராமல் நின்றது. வெயிலில் மனிதர்களும் பெட்டிகளும் மிதப்பதுபோல நகர்ந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அது இங்கதானே நிக்குதுங்க? ஓடிப்போய் ஏறிக்க முடியாதுங்களா?" என்றார் ராஜம்மாள்.

"பஸ்ஸா புள்ள அது, கையக் காட்டுனா நிறுத்த?" என்றார் மாதையன்.

ஒன்று பத்துக்கு அந்தப் புள்ளி அசைந்து, வேகமெடுத்து, வடக்கே போனது.

அடுத்து இடம் கிடைத்த விமானத்தில் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

4

திரும்பி வந்ததும் மாதையன் ஆபீசுக்கு வந்து செல்லில் ஒரு போட்டோ காட்டினார். பையனின் இரு பக்கமும் யாரோ இருவர், நண்பனின் பெற்றோர், ஆளுக்கொரு தோளில் நட்சத்திரம் குத்துகிறார்கள்.

"நல்லாச் சிரிக்கிறாங்க இல்லீங்களா?" என்றார். பிறகு, "நீங்க சொன்னீங்க. நாங்கதான் கூட்டிக்கிட்டோம்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே எல்லா புக்கிங்கிலும் என் நம்பரை எடுத்துவிட்டுப் பயணிகளின் நம்பரைப் போட்டேன். சொல்லும் நேரம் நிஜ நேரம்தான் என்று ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டினேன். ஊர் அதை நம்ப ஒரு வருடம் ஆனது.

போன மாதம் ஒரு நாள் காலையில் மாதையன் போன் செய்தார். மகன் இன்று லீவில் வருகிறான், எத்தனை மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டார். மகனுக்கு வந்த கம்பெனி மெசேஜில் இறங்கும் நேரம் பதினொன்றே முக்கால் என்று இருந்ததாம். ஆப்பைப் பார்த்தேன். அந்த விமானம் இன்னும் டெல்லிக்கே வந்து சேரவில்லை.

"அவங்க சொல்றது பதினொண்ணே முக்கா. நான் பார்த்த வரைக்கும் ரெண்டு மணிக்கு முன்ன எறங்காதுங்க. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மறுமுனையில் தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா தக்காளிக்குத் தண்ணி கட்டிட்டே கிளம்பறேனுங்க" என்றார்.

தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னால், அந்த நேரம் உரியவர் கைக்குப் போகிறது. அவர் தண்ணீர் கட்டினார். கூட்டவில்லை, கழிக்கவில்லை. ஒன்றரைக்கு ஏர்போர்ட்டில் நின்றார்.