‘கிருமி இல்லை’ என்று எழுதிய சீட்டு

ஊரார் ஒண்ணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சீட்டு எழுதுவதுதான் என் உத்தியோகம். ஐம்பதுகளில், அறந்தாங்கியில் ஒரு டாக்டரின் லேபில் இருந்தேன். அடிவயிறு கடுத்து, அரை மணிக்கொரு தரம் எழுந்து ஓடும் அன்பர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பன்னீர் பாட்டில்

கட்டுமாவடிக் கருவாட்டு வியாபாரி கருப்பையா, மனைவியின் நீரைப் பன்னீர் பாட்டிலில் கொண்டுவந்தார். லேபே கல்யாண வீடாக மணந்தது. இது செல்லாது, ஆளையே கூட்டி வாங்க என்றேன். மறுநாள் செல்லம்மா வந்தாள். வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கி, முகம் செத்துப்போய் நின்றாள். “ஒண்ணுக்குன்னு வெளிய தெரிஞ்சா கேவலம்னு எங்க அத்தைதாங்க அந்தப் பாட்டிலைக் குடுத்துவிட்டாக.”

நல்ல சேதி

இரண்டு வாரம், இரண்டு தரம் பார்த்தேன். சீழ் இல்லை, பூச்சி இல்லை. ‘கிருமி இல்லை’ என்று அழுத்தி எழுதினேன். டாக்டரும் ஊசியை நிறுத்தி, மனசைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவளோ கடுப்புக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள், உதடெல்லாம் வெடிப்பு. அவளிடம் போய், என்னமோ பரிசு கொடுப்பவன் மாதிரி, “சுத்தமா இருக்கும்மா, ஒண்ணுமே இல்லை” என்று பல்லைக் காட்டினேன். மடப்பயல் நான்!

“அப்ப எரியிறது எதுங்க?”

ஒரே ஒரு பூச்சி

மாதம் ஒன்று போனது. செல்லம்மா தனியாக வந்தாள். மாமியார் என் சீட்டை யாரிடமோ படிக்கக் கொடுத்திருக்கிறாள். நோயே இல்லாதவள் ராத்திரியில் பத்துத் தடவை கொல்லைக்குப் போவானேன், அங்கே எவன் நிற்கிறான் என்று பேச்சாகி, மறுநாள் பஞ்சாயத்து. சீட்டை மாற்றி எழுதச் சொல்லி அழுதாள். பொய் எழுத மாட்டேன் என்று நான் நியாயம் பேசினேன். வலி இருக்கிறது என்றாவது எழுதியிருக்கலாம், அது பொய்யில்லையே. பாவி, அன்றைக்குத் தோன்றவில்லை.

“ஒரே ஒரு பூச்சி இருக்குன்னு எழுதுங்கண்ணே, என்னைய வீட்ல வச்சுக்குவாக.”

வெற்றிலை பாக்கு

அடுத்த ஆவணியில் கருப்பையா தாம்பூலத் தட்டோடு வந்தார். பஞ்சாயத்தில் செல்லம்மாவைத் தீர்த்து, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். புதுப் பெண் மணமேல்குடியாம், நான் அவசியம் கல்யாணத்துக்கு வரவேண்டுமாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க சீட்டு மட்டும் இல்லாட்டி நாங்க ஏமாந்தே போயிருப்போம் சார்.”

இப்போது எனக்கும் அதே கடுப்பு, என் சீட்டிலும் அதே ‘கிருமி இல்லை’. ஆனால் ராத்திரியில் பத்துத் தடவை கொல்லைக்குப் போகிற என்னை, அங்கே எவள் நிற்கிறாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.