ஏழு மேஜைக்கு ஒரு பெட்டி

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குச் சக்கரம் என்று பட்டப்பெயர். ஓரிடத்தில் நிற்கமாட்டாள். கம்ப்யூட்டர்களை மேய்ப்பது அவள் வேலை. மேய்ப்பது என்றுதான் சொல்ல வேண்டும், அவை அப்படிப்பட்டவை.

ஏழு மேஜைகளில் ஏழு பேர் தட்டுவதெல்லாம் போய்ச் சேருவது அவள் மேஜைக்கடியில் இருக்கும் சர்வர் என்கிற ஒரே ஒரு சின்னப் பெட்டிக்கு. இரண்டு பேர் மட்டும் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. மெமரி செருக அதில் இருப்பது இரண்டே இடம், இரண்டும் நிரம்பியாயிற்று. இனி கோடி கொட்டினாலும் அது ஏற்காது. புதுசு கேட்டால் முதலாளி "பாக்கலாம்" என்பார். அவர் பாக்கலாம் என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஐந்து பேர் வரைக்கும் பெட்டி தாங்கும். அதற்கு மேல் ஆள் நுழைந்தால் மெமரியில் இடமில்லாமல், ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைப்பதும் எடுப்பதுமாக அதற்கு நாக்குத் தள்ளிவிடும். அதனால் அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். புரோகிராமைத் திறக்குமுன் "உள்ளே!" என்று கத்த வேண்டும், மூடியதும் "வெளியே!". ரத்தம் கொடுக்க வந்தவர்கள் மிரண்டுபோவார்கள். சட்டம் போட்ட மகராசி மட்டும் கத்துவதில்லை.

அன்று காலை அவளுடைய அக்கா கூடத்துப் பெஞ்சில் காத்திருந்தாள். புற்றுநோயா என்று பார்க்க மார்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கின் முடிவு வர வேண்டிய நாள். மாடியில் டாக்டரம்மா தட்டி ஏற்றினால் கீழே திரையில் தெரியும். சக்கரம் தன் மேஜையில் உட்கார்ந்தாள். அக்காவின் பெயரைத் திறந்தாள், காலி. அதற்குள் யாரோ கூப்பிட, ஓடினாள். திறந்து வைத்தது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால், திரும்பி வந்து புதிதாக இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் காலி. மறுபடி ஓட்டம், மறுபடி இன்னொன்று.

பத்து மணிக்குள் எல்லா மேஜையிலும் கம்ப்யூட்டர் ஊர ஆரம்பித்தது.

"யாரு கத்தாம உள்ள போனது?"

"நான் இல்ல மேடம், சத்தியமா" என்றார் பில் போடுகிறவர். அவள் நம்பவில்லை. அவரைப் புரோகிராமிலிருந்து வெளியேற்றினாள். ரத்தக் குப்பிகளைப் பதிகிற பெண்ணையும் வெளியேற்றினாள். பெட்டி அசையவில்லை, வாசலில் வரிசை நீண்டது, ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். இந்தக் கூத்தில் பெஞ்சைத் தாண்டிப் போனபோது அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இருக்கா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

மாடியிலிருந்து டாக்டரம்மாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "உங்க அக்கா ரிப்போர்ட்ட மூணு தடவ தட்டிட்டேன்மா. சேவே ஆக மாட்டேங்குது. யாரையாவது வெளிய அனுப்புங்க."

உள்ளே இருப்பவர் யார் யார் என்று திரையில் வரவழைத்துப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். அவளுடைய பெயர். காலையிலிருந்து திறந்துவிட்டு மூடாமல் ஓடிய ஒவ்வொன்றும் ஒரு ஆள் மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பில்காரர் அதைப் படித்துவிட்டார். நல்ல மனுஷன், இருமிவிட்டு நகர்ந்துகொண்டார். அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஒவ்வொன்றாக மூடினாள்.

"ஏறிடுச்சு, பாருங்க" என்றார் டாக்டரம்மா. குரல் தணிந்திருந்தது.

ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். விரல் வரவில்லை. போனில் பேசியது காதில் விழுந்து அக்காவே எழுந்து வந்துவிட்டாள். "நகருடி" என்று தானே தட்டி, நிதானமாகக் கடைசி வரி வரை படித்தாள்.

"இருக்குன்னுதான் போட்டிருக்கு."

"நான் இப்பவே பெரிய டாக்டருக்குப் போன் பண்றேன். ஸ்கேனுக்குச் சொல்லிடறேன். வண்டிக்கு..." சக்கரம் அதற்குள் எழுந்து ஓட ஆரம்பித்திருந்தாள்.

அக்கா எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"காலைலேர்ந்து இத எத்தன தடவ திறந்து பாத்திருப்ப? நான் அங்க பயந்துபோய் உக்காந்திருந்தேன்டி. ஒரு தடவ வந்து என் முகத்தப் பாத்தியா?"