தலை புக்கிட் ரம்பாயில், உடம்பு சிம்பாங் அம்பாட்டில்

என் வீட்டில் இருந்த ரோமானியச் சிப்பாய்களுக்குத் தலை கிடையாது. போரில் போனதல்ல. என் மனைவி போட்ட சட்டம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்கா பக்கம் சிம்பாங் அம்பாட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பேரன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் கட்டைவிரலை விடச் சின்னப் பிளாஸ்டிக் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் செய்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மீன் பிடிக்கப் போகிறவனை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நாள் முழுக்கக் காய்ந்துவிட்டு வெறும் வாளியோடு வருவான், அவனுக்கு மரியாதை.

இந்தச் சிப்பாய்கள் முழு ஆளாக வருவதில்லை. பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருக்கும். அதில் உடம்பு, கை, தலை, கேடயம், கத்தி எல்லாம் முருங்கைக்காய் மாதிரித் தனித்தனியாகத் தொங்கும். வெட்டி எடுத்து நாமே ஒட்ட வேண்டும். எந்தக் கையையும் எந்த உடம்பிலும், எந்தத் தலையையும் எந்தப் பக்கம் திருப்பியும் ஒட்டலாம். ஒருவன் ஈட்டியை ஓங்குவான், ஒருவன் பக்கத்து ஆளை முறைப்பான். ஒரே பெட்டி, ஆனால் ஒருத்தன் நிற்பது போல இன்னொருத்தன் நிற்க மாட்டான்.

நான் முதல் பெட்டியைக் கொண்டுவந்த அன்றே மனைவி வாசலில் மறித்துவிட்டாள்.

"உருவம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க. வெளியே வெயுங்க." மலக்குமார் என்றால் அல்லாஹ்வின் வானவர்கள்.

"பேரன் பொம்மை வெச்சிருக்கானே?"

"அது புள்ள. நீங்க புள்ளையா?"

அவள் அதோடு விடவில்லை. பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தின் மனைவியிடம் போய் விசாரித்துவிட்டு வந்தாள். தலை இல்லாவிட்டால் அது உருவக் கணக்கில் வராதாம். நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தலைகள் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இதைச் செய்த வெள்ளைக்காரன் என் மனைவிக்குப் பயந்துதான் இப்படிச் செய்திருக்க வேண்டும்.

அப்படித்தான் ஏற்பாடு நடந்தது. உடம்பும் கையும் கேடயமும் என் வீட்டில். தலைகள் புக்கிட் ரம்பாயில், என் நண்பன் வீட்டு அலமாரியில்.

அவனை மலாக்கா டவுனில் ஒரு பொம்மைக் கடையில்தான் சந்தித்தேன். இருந்தது ஒரே பெட்டி. ஒரு முனையை அவன் பிடித்திருந்தான், மறுமுனையை நான். "நான்தான் மொதல்ல பார்த்தேன் லா" என்று இருவரும் ஒரே நேரத்தில் தமிழில் கத்தினோம். அன்றிலிருந்து சண்டைதான், அன்றிலிருந்து சிநேகம்தான். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். அவன் படை ரோமானியர்களை எதிர்த்த காட்டுக் கூட்டம். இடுப்புக்கு மேலே துணி கிடையாது, மீசை தாடை வரைக்கும் தொங்கும், கையில் நீளக் கத்தி. "எங்க எஸ்டேட் முனியாண்டி மாதிரியே நிக்கிறானுங்க பாரு மச்சான்" என்று சொல்லித்தான் வாங்கினான்.

அவன் வீட்டுக் கூடத்தில் மேஜை. வாசலுக்கு முதுகு காட்டி அவன் உட்காருவான், அடுப்படிக்கு முதுகு காட்டி நான். எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவன் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். எங்கள் பேச்சு பெரும்பாலும் டீக்குச் சர்க்கரை போதுமா என்பதுதான்.

தலையில்லாத ஆட்களை பிஸ்கட் டின்னில் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த ஞாயிறு போனால் எல்லாருக்கும் தலை முளைத்திருக்கும். தலை முளைத்தவனுக்கு என் வீட்டில் இடமில்லை, அவன் அலமாரியிலேயே குடியிருப்பான். வேலை அவ்வளவு சுத்தம், கழுத்தில் பசைத் துளி தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு பேருக்குத் தலை பின்பக்கம் பார்த்து ஒட்டியிருக்கும். எதிரி முன்னால் நிற்க, என் வீரன் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"டேய், இது என்னடா?"

"உன் ஆளுங்கதானே. ஓடுறதுக்கு வழி பாக்குறானுங்க" என்று வயிறு குலுங்கச் சிரிப்பான். நான் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். அடுத்த வாரமும் அதே கதைதான்.

போன வருஷம் ஒரு வேலை நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலை கேன்டீனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மருத்துவமனை போய்ச் சேரவில்லை. செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு அம்மாவுக்கு இட்லிச் சட்டி காட்டிக்கொண்டிருந்தேன். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். அந்த அம்மா பயந்துபோய் விலை கேட்காமலே போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அடுத்த இடி. நண்பனின் அண்ணன் சுங்கை ரம்பாய்க்காரர், செம்பனை லோரி ஓட்டுபவர். தம்பி என்றால் உயிர். கருமாதிக்கு முந்தின நாள் படையலில் அவன் ஆசையாக வைத்திருந்த சாமான்கள் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கடலில் விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். இல்லாவிட்டால் ஆத்மா வீட்டையே சுற்றிக்கொண்டிருக்குமாம். ஆசையாக வைத்திருந்த சாமான் என்றால் அந்த அலமாரி. அந்த அலமாரி என்றால் அவன் படை மட்டுமல்ல, என் படையும்தான்.

நண்பன் போய்விட்டான், எனக்குச் சிப்பாய்க் கவலை. எனக்கே என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவன் கையால் மிச்சம் இருப்பது அந்தத் தலைகள் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் கடலுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. துக்க வீட்டில் போய் "பாதி என்னுடையது" என்று எந்த வாயால் கேட்பது?

"கேளுங்களேன். உங்க சாமான்தானே" என்றாள் மனைவி. தலையை வீட்டுக்குள் விடாதவள் சொல்கிறாள்.

படையலன்று சாயங்காலம் போனேன். மாலை போட்ட படத்துக்கு முன்னால் வாழையிலை. இலையில் ஆட்டுக்கறி, நண்டு, அவித்த முட்டை. பக்கத்தில் ஸ்டவுட் பீர் போத்தல், சிகரெட் பெட்டி. இதையெல்லாம் சுற்றி வேலி கட்டினாற்போல இரண்டு படையும். யாரோ தெரியாதவர்கள் அடுக்கியிருந்தார்கள். என் ரோமானியனும் அவன் முனியாண்டியும் தோளோடு தோள் சேர்ந்து முட்டைக்குக் காவல் நின்றார்கள். நண்பன் பார்த்திருந்தால் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பான்.

"பாய், உங்களுக்குத் தனியா முஸ்லிம் மமாக் கடையில ஹலால் மீ கோரிங் வாங்கி வெச்சிருக்கோம்" என்றார் அண்ணன், அழுது வீங்கிய கண்ணோடு. அவ்வளவு நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

சூடம் காட்டி முடித்ததும் அவர் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்துச் சிப்பாய்களை அள்ள ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, அதுல பாதி என்னோடது."

வீடே திரும்பிப் பார்த்தது. "எது பாய் உங்களோடது?" என்றார் அவர்.

"தலையில தொப்பி போட்டிருக்கிறவனுங்க எல்லாம்."

"பாய் ஆளுங்க தொப்பி போட்டுத்தானே இருப்பானுங்க" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, துக்க வீட்டில் நாலைந்து பேர் இருமுவது போலச் சிரித்தார்கள்.

"உங்களோடதுன்னா இங்க எதுக்கு இருக்கு?"

சொல்ல வேண்டியதாயிற்று. மலக்குமார், ஹஜ்ரத், பிஸ்கட் டின், தலை இங்கே, உடம்பு அங்கே என்று எல்லாவற்றையும், நண்பனின் படத்துக்கு முன்னால் நின்று. "அட முருகா" என்று ஒரு பெரியம்மா வாயில் கை வைத்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டு முடித்து, கோயில் கமிட்டித் தலைவர் மாதிரி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"உடம்பு உங்களோடது, ஒத்துக்கிறேன். தலை என் தம்பி ஒட்டுனது. அவன் கை பட்டதை வெச்சிக்கக் கூடாது. தலையக் கழட்டிட்டு உடம்ப எடுத்துட்டுப் போங்க."

ஒருவன் பிளாயர் தேடக் கிளம்பிவிட்டான். நான் பதறினேன். "ஐயோ, அது பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டுற பசை. பிடுங்கினா கழுத்தோட வரும்."

"கழுத்து யாரோடது?" என்று ஒருவர் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அப்போதுதான் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி எழுந்தாள்.

"தலைய அவரு ஒட்டல, மாமா."

"என்னம்மா?"

"நான்தான் ஒட்டுனேன். ரெண்டு படைக்கும். உங்க தம்பி வெரலு வாழைப்பழம் மாதிரி. ஒரு தலைய எடுக்கச் சொன்னா நாலு தலையக் கீழ போடுவாரு. ஃபாக்டரில நான் இதைவிடப் பொடி சாமானெல்லாம் இடுக்கிக் கிளிப்பால எடுத்து வெக்கிறவ. ஷிப்ட் முடிஞ்சு வந்து நான் ஒட்டுவேன். அவரு உக்காந்து பெருமையடிப்பாரு."

அந்த விரல்களைக் கொண்டு அவனால் பகடையைக்கூட ஒழுங்காகப் பொறுக்க முடியாது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தவன் நான். என் மரமண்டைக்கு ஏன் உறைக்கவில்லை?

"நீ ஒட்டினா என்னம்மா, அவன் ஆசைப்பட்டது..." என்று அண்ணன் இழுத்தார்.

"செத்தவங்க சாமானத்தானே கடல்ல விடணும்? நான் இன்னும் சாகல, மாமா."

சத்தமாகச் சொல்லவில்லை. பிளாயரோடு வந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அண்ணன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அவனோடதுன்னு என்னதான்மா இருக்கு?" குழந்தை மாதிரிக் கேட்டார்.

அவள் அலமாரிக்குப் போய், ஓரம் தேய்ந்த இரண்டு பகடைகளை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். மறுநாள் காலையில் அந்தப் பகடைகள் மட்டும் கடலுக்குப் போயின.

அதற்குப் பிறகு சில வாரம் போகவில்லை. தனியாகப் போனால் பார்க்கிறவர்கள் வாய்க்கு வேலை. கடைசியில் தங்கச்சியே போன் செய்து, "உடம்பு ஏதும் வெட்டி வெச்சிருக்கீங்களாண்ணே? கை சும்மா இருக்கு, ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். மனைவியையும் கூட்டிக்கொண்டு, தலையில்லாத ஆட்களோடு கிளம்பினேன்.

அதே மேஜை. பழக்கதோஷத்தில் நான் அடுப்படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். எதிரே அவள், கண்ணில் தொழிற்சாலைக் கண்ணாடி, கையில் கிளிப். பக்கத்தில் என் மனைவி, தலை ஒட்டுவதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு. தங்கச்சியின் விரல்கள் போன வேகத்துக்கு என் கண் போகவில்லை.

எனக்கு அடக்க முடியவில்லை. "ஏன் தங்கச்சி, என் ஆளுங்க தலைய மட்டும் பின்னால திருப்பி வெச்சே? அவன் சொல்லிக் குடுத்தானா?"

"அவருக்கு அதெல்லாம் எங்க தோணும்?" அவள் நிமிராமலே சிரித்தாள். "நீங்க ரெண்டு பேரும் உக்காந்துட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆளு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டீங்க. உங்க ஆளுங்களாச்சும் என்னைப் பாக்கட்டுமேன்னுதான்."

என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

தங்கச்சி அடுத்த உடம்பைப் பசையோடு தூக்கிப் பிடித்தாள். "சரி, இவன் எந்தப் பக்கம் பாக்கணும்? நேராவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "வேணாம். பின்னாலயே பாக்க வெயி."