சாய்ந்த கோபுரத்துக்கு முட்டுக்கொடுத்த லுக்காக்காரர்

ஈஸ்டர் முடிந்த வாரம் எங்கள் லுக்காவில் ஒரு வதந்தி கிளம்பியது. சைக்கிள் கடை ஃபோஸ்கோ பீசாவில் இருந்தாராம். இருந்ததோடு நில்லாமல், சாய்ந்த கோபுரத்துக்கு எதிரே புல்தரையில் நின்று, உலகத்துச் சுற்றுலாக்காரர்கள் எல்லாம் செய்கிற மாதிரி கையை நீட்டி, கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டாராம்.

செய்தியை மிரெல்லாவின் காப்பிக்கடைக்குக் கொண்டுவந்தவர் ஆல்வரோ. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டாரே தவிர, சேதி கொடுப்பதை நிறுத்தவில்லை.

"உனக்குப் பீசாவில என்ன வேலை?" என்றாள் மிரெல்லா. எங்கள் ஊரில் எந்த விசாரணையும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கும்.

"பஸ்ஸு அந்த வழியாப் போச்சு."

"எந்த பஸ்ஸுய்யா புல்தரை மேல போகுது?"

"திருடனை விட்டுட்டு சாட்சியைப் புடிச்சு உலுக்குறியே, நல்லா இருக்கா?"

ஒருவரும் நம்பவில்லை. லுக்காவுக்கும் பீசாவுக்கும் நடுவில் ஒரே ஒரு மலைதான். ரயிலில் ஏறி உட்கார்ந்து செய்தித்தாளை விரிப்பதற்குள் வந்துவிடும். ஆனால் பல நூறு வருஷமாக இரண்டு ஊருக்கும் ஆகாது. சண்டை எதற்காக ஆரம்பித்தது என்பது யாருக்கும் நினைவில்லை. அதனாலேயே அதை முடித்துவைக்கவும் வழியில்லை. மற்றவர்களாவது மலிவாகச் சட்டை கிடைக்கிறதென்று ஒளிந்து மறைந்து போய்வருவோம். ஃபோஸ்கோ பார்சாந்தி அப்படிப்பட்டவர் இல்லை. அவர் கொள்கைவாதி.

கோட்டைமதிலுக்குக் கீழே அவருக்கு வாடகை சைக்கிள் கடை. மதில்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாயங்காலம் சைக்கிளைத் திருப்பித் தர வருகிற வெளியூர்க்காரர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "நாளைக்கு ஒரு நாள் இருக்கு, எங்க போய்ட்டு வரலாம்?" ஃபோஸ்கோ அவர்கள் முகத்தைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், கூட யார் என்று பார்ப்பார். பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு வியரெஜ்ஜோ கடற்கரை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஆற்றின் மேல் கூன்போட்டு நிற்கும் பிசாசுப் பாலம். சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பதிக்கு மலைமேல் பார்கா. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஏறி முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கும். சண்டை போட மூச்சு மிச்சமிருக்காது."

பீசா என்று யாராவது வாயெடுத்தால், "கோபுரமா? அதை நிமித்திட்டாங்களே, உங்களுக்குச் சேதி வரலையா?" என்பார். நம்பித் திரும்பிப் போனவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் அந்தக் கோபுரத்துக்கே முட்டுக்கொடுத்தார் என்றால் சும்மா விட முடியுமா? எழுதுவதற்கு முன் வதந்தியைச் சரிபார்க்க வேண்டும் என்பது பத்திரிகை தர்மம். சரிபார்த்தால் வதந்தி செத்துவிடும் என்பதால் நான் பொதுவாக அந்த தர்மத்தின் பக்கம் போவதில்லை. இந்தத் தடவை ஆசை விடவில்லை. ஃபோஸ்கோ நெளிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போனேன்.

கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். பஞ்சர் ஒட்டிய டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, கோபுரம் பத்திரமா இருக்கா?" என்றேன்.

அவர் நெளியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நீட்டினார். படம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற கோட்டில் ஃபோஸ்கோ, ஒரு கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையை விரித்து வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். கோபுரத்தைக் காணோம். படம் பிடித்தவரின் கை ஆடியிருக்கிறது. கோபுரம் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போய்விட்டது.

"யார் எடுத்தது?"

"நில்டே."

அவர் மனைவி. கடைக்கு மேல்மாடியில் வீடு. எங்கள் பேச்சு கேட்டிருக்க வேண்டும். மேலிருந்து குரல் வந்தது.

"பத்திரிகைக்காரர் வந்தாச்சா? மேல அனுப்பு. என் புருஷன் மானம் எப்படிப் போச்சுன்னு நான் சொல்றேன். அவனுக்கு ஒழுங்காச் சொல்ல வராது."

மேலே போனேன். கட்டிலில் இருந்தது நில்டேதான் என்று உறுதிசெய்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. சந்தையில் மீன்காரனை அழ வைத்த பெண்மணி. தலையில் துணி கட்டியிருந்தாள். போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிற மேடே தெரியவில்லை.

"வாயை மூடிக்க, ஈ போயிடும்" என்றாள். "உக்காரு."

போன இலையுதிர் காலத்தில் வயிற்றுவலி என்று ஆரம்பித்திருக்கிறது. இங்கே எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, பீசாவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, உடனே போங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஃபோஸ்கோ எழுந்து நின்று, "பீசாக்காரன்கிட்ட என் பல்லைக்கூடக் காட்ட மாட்டேன், என் பெண்டாட்டி வயித்தையா காட்டுவேன்?" என்று கேட்டாராம். நில்டே சிரித்தாளாம். அவளும் லுக்காக்காரிதானே. "பீசாவுக்குப் போறதுக்குப் பதிலா நான் செத்தே போறேன், டாக்டர்" என்றாளாம். டாக்டரும் சிரித்திருக்கிறார். அவரும் இந்த ஊர்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லியிருக்கிறார். இவர்கள் இங்கேயே, ஊருக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறோம் என்று உள்ளூர் ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் வந்து போனது. அதற்கப்புறம் பீசாதான் போக வேண்டியிருந்தது. போனார்கள்.

"முன்னாலயே வந்திருந்தா?" என்று ஃபோஸ்கோ அங்கே ஒரு டாக்டரைக் கேட்டிருக்கிறார். "அதை யாரும் சொல்ல முடியாது" என்று பதில். இதை நில்டே சொல்லும்போது ஃபோஸ்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆம் என்றிருந்தால் மனிதர் தன்னைத் திட்டிக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பார். இல்லை என்றிருந்தால் விதியைத் திட்டியிருப்பார். அந்தப் பாவி டாக்டர் இரண்டுக்கும் வழி வைக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க அவர் மிரெல்லா கடைக்கு வந்து, "நேத்து நில்டேவைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்பார். ஒருநாள் வியரெஜ்ஜோ, ஒருநாள் பார்கா, ஒருநாள் பிசாசுப் பாலம். "குடுத்து வச்ச மகராசி" என்று மிரெல்லாகூடச் சொன்னாள். சுற்றுலாக்காரர்களுக்குப் பொறுக்கிக் கொடுத்த ஊர்களை எல்லாம், ஒவ்வொரு ஆஸ்பத்திரி நாளுக்கும் ஒன்றாக எடுத்துப் போர்த்தி மறைத்திருக்கிறார்.

மார்ச் மாதக் கடைசியில் அந்த டாக்டர், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "தெம்பு இருக்கும்போதே ஒரு நாள் எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போங்க." ஒரு நாள். ஈஸ்டர் திங்கள்கிழமை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பவனை எங்கள் நாட்டில் சீக்காளி என்பார்கள். ஊரே சோற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடும்.

"உலகத்துக்கே வழி சொன்னவன்" என்றாள் நில்டே. "எனக்குன்னு வந்ததும் மேப்பைக் கட்டில்மேல விரிச்சுட்டு முழிக்கிறான். கடல்ங்கிறான். காத்து என்னைத் தூக்கிட்டுப் போயிடும்னேன். பாலம்ங்கிறான். அந்தக் கூன்மேல யார்யா ஏறுறதுன்னேன். பார்காங்கிறான். நமக்கு என்ன சண்டையா? மூச்சு ஏற்கனவே வாங்குதுன்னேன்."

"அப்புறம்?"

"பீசான்னேன்."

ஃபோஸ்கோ ஜன்னலிலிருந்தே பேசினார். "புத்தி பிசகிடுச்சுன்னு நெனச்சேன்."

"இத்தனை நாள் போயிருக்கேன், அந்த ஊர்ல நான் பாத்தது என்ன? கூரை. ட்யூப்லைட்டு. ஊரையே ஏமாத்திட்டு நிக்குதே அந்தக் கோணல் தூணு, அதை ஒருதரம் நேர்ல பாத்துட்டுப் போறேன்னேன்."

போயிருக்கிறார்கள். கூட்டமான கூட்டம். ஃபோஸ்கோ காரைத் தூரத்தில் விட்டுவிட்டு, அவளைப் பாதி நடத்தி, பாதி தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நில்டே கோபுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். "ஆஸ்பத்திரியைவிடச் சின்னதா இருக்கு" என்றாளாம். பிறகு, "நீ போய் முட்டுக்குடு."

"மாட்டேன்."

"ஃபோஸ்கோ. எனக்கு நிக்கத் தெம்பு கொஞ்சம்தான் இருக்கு. தர்க்கம் பண்ணாத."

போய் நின்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத்தான் ஆல்வரோவின் பஸ் புல்தரை வழியாகப் போயிருக்கிறது.

திரும்பும் வழியில் சந்துக்குள் ஒரு சின்னக் கடை. கடலைமாவு அடை சுடுகிற வாசனை வந்திருக்கிறது. எதைக் கொடுத்தாலும் தள்ளிவிடுகிறவள், அது வேண்டும் என்றாள். ஒரு துண்டு முழுக்கத் தின்றாள். ஒரு காப்பியும் குடித்தாள். "நம்ம ஊரு அடையைவிட நல்லா இருக்கு" என்றாள். ஃபோஸ்கோவுக்கு அந்த நிமிஷத்தில் அதைக்கூட மறுக்கத் தோன்றவில்லை. கோட்டுப் பையில் கைவிட்டார். பர்ஸ் இல்லை. அது தினசரிக் கோட்டில், வீட்டில் இருந்தது.

கடைக்காரன் தாடிவைத்த பையன். "லுக்காவா? பேச்சிலேயே தெரியுதே."

"பர்ஸை மறந்துட்டேன்."

"தெரியும் ஐயா. உங்க ஊர்ல பொறக்கும்போதே பர்ஸை மறந்துட்டுத்தானே வருவீங்க."

லுக்காக்காரன் கஞ்சன் என்பது பீசாவின் பழைய கேலி. நில்டே இருமல் வரும்வரை சிரித்தாளாம். இருமல் நிற்கவில்லை. அப்போதுதான் அவன் அவளைச் சரியாகப் பார்த்திருக்கிறான். தலைத்துணி, மணிக்கட்டு, எல்லாம். ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தான். குரல் இறங்கிவிட்டது.

"பரவால்லம்மா. அடுத்த தடவை வரும்போது குடுங்க."

"கேட்டியா?" என்றாள் நில்டே என்னிடம். "பீசாக்காரன், லுக்காக்காரனுக்குக் கடன் குடுத்திருக்கான். வெளிய தெரிஞ்சா நாங்க ஊரைக் காலி பண்ணணும். இதை மட்டும் எழுதாத."

"நாளைக்கே போய்க் கட்டிடுறேன்" என்றார் ஃபோஸ்கோ.

"தனியா நீ போகக் கூடாது. தின்னது நானு. ரெண்டு பேருமாத்தான் போகணும். கொஞ்சம் தேறிக்கிறேன்."

அவர் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தார். வதந்தி உண்மைதான் என்று மிரெல்லா கடையில் போய்ச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். ஆல்வரோ காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

நில்டே தேறவில்லை. மே மாதத்தில் அடக்கம் செய்தோம்.

சைக்கிள் கடை மறுபடி திறந்திருக்கிறது. போன வாரம் நான் அங்கே இருந்தபோது ஒரு தம்பதி சைக்கிளைத் திருப்பித் தர வந்தார்கள். நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்டார்கள். ஃபோஸ்கோ அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்க்கவில்லை. "எங்க வேணா போங்க" என்றார். அவர்கள் குழம்பிப்போய் நின்றார்கள். பீசா நல்லா இருக்குமா என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் சைக்கிள் பூட்டைச் சாவியால் திருகிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போன பிறகு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "வியாழக்கிழமை எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு. அந்தக் கடை எதுன்னு சொல்லு, அந்தக் காசைக் குடுத்துட்டு வந்துடுறேன்."

"வேணாம்."

"ஒரு அடை, ஒரு காப்பிய்யா."

"ரெண்டு பேருமாத்தான் போகணும்னு அவ சொல்லியிருக்கா" என்றார். டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்தது. அதை ஒட்டாமல், வந்துகொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீசாவில் அந்தச் சந்துக்கடையில் காசு இன்னும் கொடுக்கப்படவில்லை.